ஒலிபெருக்கிக்குச் சளி

“ஒரு தடவை சொன்னதை ரெண்டாவது தடவை இந்த வாய் சொல்லிச்சுன்னா, மறுநாள் காலையில இந்த நாற்காலியில ஒரு கழுதையைக் கொண்டாந்து உட்கார வைங்க. அதுவாவது மரியாதையா கத்திட்டுப் போகட்டும்.”

இதைச் சொல்லிவிட்டு அவர் ஒரு குவளை உப்புநீரை வாயில் ஊற்றிக்கொண்டு, தலையை அண்ணாத்தி, தொண்டைக்குள் ஒரு சின்ன லாரியைக் கிளப்புவதுபோல் கொப்பளிப்பார். நேரம் காலை ஐந்து பத்து. இடம் பேருந்து நிலையத்தின் மாடியில், மூன்று பக்கமும் கண்ணாடி போட்ட அறிவிப்பு அறை. கொப்பளித்து முடிந்ததும் மைக்கின் தலையிலிருந்த பஞ்சுக் குல்லாவைக் கழற்றி, உதறி, திரும்ப மாட்டுவார். கைக்குழந்தைக்குக் குல்லா போடுகிற அதே அக்கறை. பிறகு சட்டைக் காலரைச் சரிசெய்துகொள்வார். கீழே இருப்பவர்களுக்குக் காலர் தெரியாதே என்று யாராவது கேட்டால், “குரலுக்குத் தெரியும்” என்பார். அதன் பிறகுதான் சிவப்புப் பொத்தானில் விரல் விழும்.

“நாற்பத்திரண்டாம் எண் பேருந்து, துறைமுகம் செல்வது, நடைமேடை ஆறில் நிற்கிறது.”

அவ்வளவுதான். விரல் எடுக்கப்படும். பேச்சு முடிந்தது. கேட்டவர் ஏறினார், கேட்காதவர் நின்றார். இருபத்தாறு ஆண்டுகள் இந்தச் சட்டம் ஒரு திருத்தமும் இல்லாமல் அமலில் இருந்தது. நிலையத்தின் மின்பணியாளர்தான் இவருக்கு ‘ஒருதடவையார்’ என்று பட்டம் சூட்டினார். ஏதோ மலைக்குகையில் தவமிருந்த முனிவரின் பெயர்போல அது ஒலித்ததால் அவருக்கும் பிடித்துப்போயிற்று. பட்டம் கொடுத்தவருக்கு அவர் பதிலுக்கு ‘ஷாக்’ என்று பெயர் வைத்தார். இதில் கற்பனை எதுவும் இல்லை. மனிதர் மாதத்துக்கு ஒரு முறை நிஜமாகவே வாங்குவார்.

அந்தக் குரல் எப்படி இருந்தது என்று இப்போது வர்ணிப்பது கடினம். கேட்டவர்கள் இன்றும் கையை ஆட்டி ஆட்டிச் சொல்லப் பார்க்கிறார்கள், முடியவில்லை. கொஞ்சம் வெல்லப்பாகு, கொஞ்சம் தண்டவாளம். நிலையத்துக்குப் பின்தெருவில் இருந்த வீடுகளில் கடிகாரம் ஓடினாலும் ஓடாவிட்டாலும் கவலை இல்லை. துறைமுகப் பேருந்தைச் சொன்னால் அடுப்பில் உலை வைப்பார்கள். மில் பேருந்தைச் சொன்னால் பிள்ளைகளை எழுப்புவார்கள். பள்ளிக்கூடத்துப் பெண்கள் பென்சில் டப்பாவை வாயருகே வைத்துக்கொண்டு, “கணக்கு டீச்சர், பத்தாம் வகுப்பு செல்வது, வாசலில் நிற்கிறது” என்று அவரைப்போலவே அறிவித்துச் சிரிப்பார்கள். அந்த ஊரில் பேருந்தின் முகப்புப் பலகையைப் படிக்கிற வழக்கமே மெல்ல ஒழிந்துபோயிருந்தது. காது இருக்கும்போது கண்ணுக்கு எதற்கு வேலை கொடுக்க வேண்டும்?

வீட்டிலும் அதே சட்டம்தான். “குழம்பு” என்று ஒரு தடவை சொல்வார். மனைவி வேண்டுமென்றே, “என்ன?” என்று கேட்பார். அவர் வெறும் சோற்றைப் பிசைந்து சாப்பிட்டுவிட்டு எழுந்து போவாரே தவிர, இன்னொரு முறை குழம்பு என்று சொல்லமாட்டார். முப்பது ஆண்டுக் குடும்ப வாழ்க்கையில் அந்த அம்மாள் பயன்படுத்திய ஒரே ஆயுதம் இந்த ‘என்ன?’தான். பெண் பார்க்க வந்த அன்று இவர் பிடித்திருக்கிறது என்று சொன்னாராம். அந்த நொடியில் வாசலில் ஒரு லாரி ஹாரன் அடித்ததாம். “இவரு சொன்னாருன்னு இவருதான் சொல்றாரு. நான் கேக்கவே இல்லை. யாரு கண்டா, தண்ணி கேட்டாரோ என்னமோ” என்பார் அந்த அம்மாள், வருகிறவர்களிடமெல்லாம்.

இப்படிப்பட்ட ராஜ்யத்தில் ஒரு மழைக்காலத்தில் ஜலதோஷம் நுழைந்தது.

மூக்கு அடைத்தது. அடைத்தால் என்ன, எல்லாருக்கும்தான் அடைக்கிறது. ஆனால் மூக்கு அடைத்தவனிடமிருந்து மொழி முதலில் பறித்துக்கொள்வது மெல்லின எழுத்துகளைத்தான். ‘ம’ போய் ‘ப’ வந்து உட்காரும். ‘ந’ போய் ‘த’ வந்து உட்காரும். இருபத்தாறு ஆண்டுகளாகச் சுத்தமாக ஒலித்த ‘நடைமேடை நாலு’ ஒரு காலையில் ‘தடைபேடை தாலு’ என்று வந்து விழுந்தது. தேநீர்க் கடைப் பெஞ்சில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒரு வாரத்தில் சரியாகிவிடும் என்று தீர்மானித்துத் தேநீரைக் குடித்தார்கள்.

மழை விட்டது. கோடை வந்தது. ஜலதோஷம் விடவில்லை.

அந்த ஊரில் ஆற்றுக்குக் குறுக்கே இரண்டு பாலங்கள். ஒன்று முதல் பாலம், ஊரின் வடகோடி. இன்னொன்று புதுப் பாலம், தென்கோடி. ஒரு நாள் அவர் முதல் பாலம் செல்லும் பேருந்தை அறிவித்தார். கீழே வந்து சேர்ந்தது ‘புதல் பாலப்’. புதுப் பாலத்துக்குப் போக வேண்டிய அத்தனை பேரும் ஏறி உட்கார்ந்தார்கள். நடத்துனரிடம் ‘பாலம்’ என்று மட்டும் கேட்டார்கள், அவரும் டிக்கெட் கொடுத்துவிட்டார். அதில் துக்கம் விசாரிக்கக் கிளம்பிய ஒரு குடும்பம் இருந்தது. பாலத்தை ஒட்டிய மூன்றாவது வீடு என்று யாரோ வழி சொல்லியிருந்தார்கள். வடகோடியிலும் பாலத்தை ஒட்டி மூன்றாவது வீடு ஒன்று இருக்கத்தான் செய்தது. வாசலில் நின்று அவர்கள் மனம்விட்டு அழத் தொடங்க, உள்ளே குளித்துக்கொண்டிருந்த வீட்டுக்காரர் துண்டோடு ஓடிவந்து, “யாருங்க போயிட்டாங்க? சொல்லுங்க, எங்க வீட்டுல யாரு?” என்று அவர்களைவிட அதிகமாக அழுதார்.

புகார்ப் புத்தகத்தில் அன்று எழுதப்பட்ட வரி வரலாற்றுச் சிறப்பு மிக்கது: ‘ஒலிபெருக்கிக்குச் சளி பிடித்துள்ளது. ஆவன செய்க.’

நிலைய மேலாளர் ஆவன செய்தார். ஷாக் ஏணி போட்டு ஏறி, தூண்களில் இருந்த எட்டு ஒலிபெருக்கி ஹாரன்களையும் கழற்றினார். மூன்றாவதில் ஒரு குருவிக் குடும்பம் இருந்தது, வெளியேற்றப்பட்டது. சளி போகவில்லை. கம்பிகள் மாற்றப்பட்டன. போகவில்லை. மைக் மாறியது. நான்கு மாதக் கடிதப் போக்குவரத்துக்குப் பிறகு தலைமை அலுவலகத்திலிருந்து புது ஆம்ப்ளிஃபயர் வந்தது. அதைப் பொருத்திய அன்று சளி முன்னைவிடத் துல்லியமாகக் கேட்டது. மேலிடத்திலிருந்து வந்த நிபுணர் ஒருவர் எல்லா ஹாரன்களிலும் காதை வைத்துப் பார்த்துவிட்டு, ‘கோளாறு எதுவும் காணப்படவில்லை. எனினும் சளி உள்ளது’ என்று அறிக்கை கொடுத்தார். கோப்பு தடித்துக்கொண்டே போனது. இந்த ஒலி கிளம்புகிற இடத்தில் மனித மூக்கு ஒன்று இருக்கிறது என்ற தகவல் மட்டும் அதில் எந்தப் பக்கத்திலும் இடம்பெறவில்லை.

மூக்குக்குச் சொந்தக்காரரும் அதைச் சொல்லவில்லை. “என் குரல்ல ஒரு குறையும் இல்லை. உன் டப்பாவைப் பாரு.”

“அண்ணே, டப்பா புத்தம்புதுசு. மேல ஒட்டியிருக்கிற காகிதத்தைக்கூட நான் இன்னும் உரிக்கலை.”

“அப்ப காகிதத்தை உரி.”

மூக்கைக் கண்டுபிடித்தவர் மனைவி. அதிலும் துப்பறியும் வேலை எதுவும் இல்லை. தலையணை உறையில் வாரம் இரண்டு முறை ரத்தப் பொட்டு. காலையில் மூக்கிலிருந்து பொருக்கு பொருக்காக வருவதை அவர் துணியில் மடித்து ஒளிப்பது. முடிவெட்டுகிறவர் ஒரு நாள், “சார், புருவத்தை யாரு எடுத்துவிட்டாங்க? நான் இல்லையே” என்று கேட்டதாக அவரே சிரித்துக்கொண்டு வந்து சொன்னது. அதற்கு மேல் பால். அந்த அம்மாள் அடுப்பில் பாலை வைத்துவிட்டு மாடிக்குத் துணி உலர்த்தப் போனார். திரும்பி வந்தால் பாத்திரம் கரி. வீடு முழுக்கப் புகை. இரண்டடி தள்ளி இவர் செய்தித்தாளில் குறுக்கெழுத்துப் போட்டுக்கொண்டிருக்கிறார்.

“ஏங்க, பால் கருகிக் கட்டையாயிடுச்சு. உங்களுக்கு மூக்குன்னு ஒண்ணு இல்லையா?”

அவர் மூக்கைத் தொட்டுப் பார்த்தார். “இருக்கே.”

“எதுக்கு இருக்கு, கண்ணாடி மாட்டவா? கிளம்புங்க டாக்டர்கிட்ட.”

“ஜலதோஷம்.”

“பதினோரு மாச ஜலதோஷம் எந்த ஊருல இருக்கு? பிள்ளை உண்டாயிருந்தாக்கூட இந்நேரம் பொறந்து குப்புற விழுந்திருக்கும்.”

காது மூக்கு தொண்டை மருத்துவர் ஒரு பெண்மணி. நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு மூக்கின் உள்ளே நெடுநேரம் பார்த்தார். தொண்டைக்குள் கண்ணாடியை விட்டுப் பார்த்தார். பிறகு, சம்பந்தமே இல்லாமல், காது மடலைப் பிடித்துப் பார்த்தார். புருவத்தைப் பார்த்தார். அவரைக் கண்ணை மூடச் சொல்லிவிட்டு முன்கையில் பஞ்சால் தொட்டு, “தொடறது தெரியுதா?” என்று கேட்டார். “தொட்டாத்தானே தெரியும்” என்றார் இவர். மருத்துவர் அப்போது தொட்டுக்கொண்டுதான் இருந்தார். மனைவி அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

காது மடலில் சின்னதாகக் கீறி எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். அடுத்த வாரம் சொன்னார்கள்.

“இது சளி இல்லைங்க. தொழுநோய்.”

ஒருதடவையார் மனைவியைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். பிறகு, வாழ்நாளில் யாரிடமும் கேட்டிராத ஒன்றைக் கேட்டார்: “மறுபடியும் சொல்லுங்க.”

மருத்துவர் அதே குரலில், அதே நிதானத்தில், மறுபடியும் சொன்னார்.

“எனக்குக் கை கால் எல்லாம் நல்லா இருக்கே?”

“கையிலயும் காலிலயும்தான் வரும்னு எல்லாரும் நினைக்கிறாங்க. இந்தக் கிருமிக்குக் குளிர்ச்சியான இடம் பிடிக்கும். மூக்குல எப்பவும் காத்து போயி வந்து குளுகுளுன்னு இருக்கும். அதனால பல பேருக்கு முதல்ல அங்கதான் குடியேறும். மூக்கடைப்பு, பொருக்கு, ரத்தம், வாசனை தெரியாம போறது, எல்லாம் அதோட வேலைதான்.”

“என் மூக்குல நான் ஏ.சி.யா போட்டு வெச்சிருக்கேன்?”

மருத்துவர் சிரிக்கவில்லை. மூக்கின் நடுச்சுவரில் சின்ன ஓட்டை விழுந்திருக்கிறது என்றார். குரல் நாண்களுக்குப் பக்கத்திலும் தடிப்பு இருக்கிறது என்றார். அடைப்பை மட்டுமே எல்லாரும் கேட்டுக்கொண்டிருந்த நாள்களில், அதற்கடியில் குரலும் கம்மத் தொடங்கியிருந்தது. அதை யாரும் கவனிக்கவில்லை, அவரைத் தவிர. அதனால்தான் உப்புநீரை மூன்று வேளையாக்கியிருந்தார்.

“நோய் போயிடுமா?”

“நிச்சயமா போயிடும். ஒரு வருஷம், ஒரு நாள் விடாம மாத்திரை. மருந்து ஆரம்பிச்சுக் கொஞ்ச நாள்லயே உங்ககிட்டேயிருந்து இன்னொருத்தருக்குப் பரவவும் பரவாது.”

“குரல்?”

இந்தக் கேள்விக்குத்தான் மருத்துவர் தயங்கினார். “அதை இப்ப சொல்ல மாட்டேன். எவ்வளவு தூரம் தழும்பு விழும்னு பார்க்கணும். கொப்பளிக்கிறதை விட்டுட்டுப் பேச்சைக் குறைங்க.”

நிலையத்துக்குச் செய்தி போனது. இருபத்தாறு ஆண்டுகள் ஒருதடவையாரின் பொட்டலத்திலிருந்து வறுத்த வேர்க்கடலை எடுத்துத் தின்ற நிலைய மேலாளர், கதவை முழங்கையால் திறக்கக் கற்றுக்கொண்டார். அறிவிப்பு அறை மூன்று முறை பினாயில் ஊற்றிக் கழுவப்பட்டது. மைக்கின் பஞ்சுக் குல்லா நிலையத்தின் பின்புறம் அலுவலக மரியாதையுடன் எரிக்கப்பட்டது. “குஷ்டம்யா” என்று குரலைத் தாழ்த்திச் சொன்னார் மேலாளர். அந்தச் சொல்லும் ஒட்டிக்கொள்ளும் என்று நினைத்தாரோ என்னவோ, சொன்ன கையோடு உதட்டைத் துடைத்துக்கொண்டார்.

“நோய் இருந்தப்ப பக்கத்துல உட்கார்ந்து கடலை தின்னீங்க. மருந்து சாப்பிட ஆரம்பிச்சப்புறம் பயப்படறீங்க. எந்தப் பள்ளிக்கூடத்துல சார் படிச்சீங்க?” என்றார் ஷாக். மருத்துவமனையிலிருந்து வந்து நிலையத்தில் எல்லோரையும் பரிசோதித்தார்கள். மேலாளர் சட்டையைக் கழற்றி, முதுகைக் காட்டி, கையை நீட்டி, மூக்கைத் தூக்கிக் காண்பித்தார். ஒன்றும் இல்லை என்றார்கள். நம்பாமல் இன்னொரு முறை காட்டினார்.

ஷாக் அன்றே அவர் வீட்டுக்குப் போனார். வாசலில் செருப்பைக் கழற்றினார். “உங்க மூக்கை விட்டுட்டு அந்த இரும்பு மூக்கைப் போய்க் குடைஞ்சுக்கிட்டு இருந்தேனே அண்ணே. ஒரு வருஷமா அது சொல்லுது, சளி சளின்னு. குருவியை வேற துரத்தினேன்” என்று சொல்லி அழுதார். ஒருதடவையார் எழுந்து போய் அவர் தோளில் கை வைத்தார். வைக்கலாமா என்ற யோசனையில் பாதியில் நின்ற கையை ஷாக்தான் பிடித்து இழுத்துத் தோளில் வைத்துக்கொண்டார்.

அந்த ஒரு வருடத்தை அவர் மாத்திரை அட்டைகளால் கடந்தார். மாதத்தின் முதல் வேளையைச் சுகாதார நிலையச் செவிலியின் கண் முன்னால் விழுங்க வேண்டும். முதல் நாள் சிறுநீர் செம்பருத்திச் சாறாகப் போனதைப் பார்த்துத் தம் காலம் முடிந்தது என்று மனைவியை அழைத்து அலமாரிச் சாவியை ஒப்படைத்தார். அது மருந்தின் நிறம் என்று செவிலி விளக்கியதும் சாவியைத் திரும்ப வாங்கிக்கொண்டார். முகம் கறுத்துப் பழுப்பேறியது. தினமும் மூக்கை உப்புநீரில் கழுவி, பொருக்குத் தட்டாமல் களிம்பு தடவினார். மெல்லினம் ஒவ்வொன்றாக வீடு திரும்பியது. ‘ம’ வந்தது, ‘ந’ வந்தது. மூக்குத்தண்டு மட்டும் நடுவில் லேசாக உட்கார்ந்துவிட்டதால் மூக்குக்கண்ணாடி சறுக்கு மரம் விளையாடியது. அதற்கு ஒரு கயிறு கட்டினார். குரல்தான் வரவில்லை. வந்தது ஒரு காற்று, உப்புத்தாளால் மரத்தைத் தேய்ப்பதுபோல. அவர் சொன்னது அடுத்த அறைக்குப் போய்ச் சேரவில்லை. உண்மையிலேயே காதில் விழாத அந்த நாள்களில்தான் மனைவி ‘என்ன?’ என்று கேட்பதை நிறுத்தினார். உதடு அசைந்தால் போதும், குழம்பு வந்தது.

இதற்கிடையில் நிலையத்தில் ஓர் இயந்திரம் பதவியேற்றிருந்தது. வேறு ஏதோ ஊரில், வேறு யாரோ ஒரு பெண் பேசிய பதிவு. ஒவ்வொன்றையும் மூன்று தடவை சொல்லும். போய்விட்ட பேருந்தையும் சொல்லும், ரத்தான பேருந்தையும் சொல்லும், நன்றி சொல்லும், வணக்கம் சொல்லும். மக்கள் கேட்பதையே விட்டுவிட்டார்கள். மறுபடியும் பலகையைப் படிக்கத் தொடங்கினார்கள். பின்தெருவில் கடிகாரம் வாங்கினார்கள். மேலாளருக்கு இயந்திரத்தின் மேல் தனிப் பிரியம். அது விடுப்புக் கேட்கவில்லை.

சிகிச்சை முடிந்து, மருத்துவர் கொடுத்த கடிதத்தோடு ஒருதடவையார் வந்து நின்றார். கடிதத்தை மேலாளர் இரண்டு விரல்களால் பிடித்துப் படித்தார்.

“வாங்க சார். நோய் இல்லேன்னு போட்டிருக்கு, சந்தோஷம். ஆனா குரல் இப்படி இருக்கே? காணாமப்போன சாமான் அறையில ஒரு நாற்காலி காலியா இருக்கு. குடை, டிபன் டப்பா எல்லாம் அடுக்கிவெச்சுக்கிட்டு நிம்மதியா இருக்கலாம்.”

“எனக்கு மைக்தான் வேணும்.”

“பப்ளிக்குப் புரியணுமே சார்.”

“புரியும்.”

“சரி. இன்னிக்கு மெஷினை நிறுத்தறேன். நீங்க சொல்லுங்க, நானும் மேல வந்து உட்கார்றேன். ஜனங்க புரிஞ்சு ஏறினாங்கன்னா நாற்காலி உங்களோடது. இல்லேன்னா சாமான் அறை. அப்புறம் இதைப் பத்திப் பேச்சு இல்லை.”

மதியம் இரண்டு மணி. நிலையத்தில் கூட்டம். மேலாளர் அறிவிப்பு அறையின் எதிர் மூலையில் செய்தித்தாளோடு உட்கார்ந்தார். ஷாக் ஆம்ப்ளிஃபயரின் திருகைக் கடைசிவரை திருகிவிட்டு, “அண்ணே, இதுக்கு மேல அதுகிட்ட இல்லை” என்றார். ஒருதடவையார் காலரைச் சரிசெய்தார். பொத்தானை அழுத்தினார்.

“அறுபத்தொன்பதாம் எண் பேருந்து, ரயில் நிலையம் செல்வது, நடைமேடை மூன்றில் நிற்கிறது.”

எட்டு ஹாரன்களிலும் உப்புத்தாள் தேய்ந்தது. விரலை எடுத்தார்.

கண்ணாடிக்குக் கீழே ஒருவரும் நகரவில்லை. கூட்டத்தில் பேச்சு நின்றிருந்தது, ஏதோ சொல்லப்பட்டது என்று மட்டும் எல்லோருக்கும் தெரிந்தது. சிலர் தூணில் இருந்த ஹாரனை ஏறிட்டுப் பார்த்தார்கள். இரண்டு மூட்டைகளைக் காலடியில் வைத்துக்கொண்டு நின்ற ஒரு வயதான அம்மாள் பக்கத்திலிருந்தவரிடம் கேட்டார். அவர் உதட்டைப் பிதுக்கினார். அந்த அம்மாள் காதோரத்து முடியை ஒதுக்கிவிட்டு, கையைக் குவித்துக் காதில் வைத்துக்கொண்டு, முகத்தை மேலே தூக்கியபடி அப்படியே நின்றார். மூன்றாம் நடைமேடையில் பேருந்து உறுமத் தொடங்கியிருந்தது.

மூலையில் செய்தித்தாள் மடிக்கப்படும் ஓசை கேட்டது. “சரிங்க சார்” என்று மேலாளர் எழுந்தார். ஷாக் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒருதடவையார் திரும்பவில்லை. கண்ணாடியில் நெற்றி படுகிற அளவுக்குக் குனிந்து கீழேயே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நாற்காலியை முன்னால் இழுத்தார். உதடு மைக்கின் கம்பி வலையில் உரச, சிவப்புப் பொத்தானை அழுத்தினார்.

“அம்மா... மூட்டை வெச்சிருக்கிற அம்மா. மறுபடியும் சொல்றேன். ரயில் நிலையம், மூணாவது மேடை. மூணு.”

அந்த அம்மாள் மூட்டையை எடுக்கும்வரை விரலை அவர் எடுக்கவில்லை.